மஞ்சளாற்றங்கரை – 14: ஆடிக்கூழும் ஒரு பைசாத் தமிழனும்

சென்ற இதழில் ராஜம் ஐயரை 1898 மே மாதம் 13ஆம் தேதியோடு விட்டுவந்தோம். வத்தலக்குண்டில் பிறந்து, சென்னைக்குப் படிக்கப் போய், 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதி, 'பிரபுத்த பாரதம்' என்ற ஆங்கில மாத இதழின் முதல் ஆசிரியராக இருந்து, இருபத்தாறு வயதில் மறைந்துபோன மனிதர். 'பிரபுத்த' என்றால் விழித்தெழுந்த என்று பொருள். புத்தர் என்ற பெயர் பிறந்ததும் அதே வேரிலிருந்துதான்.

இந்த வாரம் வரிசைப்படி வத்தலக்குண்டின் அடுத்த எழுத்தாளரான பி. எஸ். ராமையாவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. காரணம், பேருந்து நிலையத்தில் என்னை நிறுத்திக் கேட்கப்பட்ட ஒரு கேள்வி.

கேட்டவர் பக்கத்துக் கிராமத்து ஓய்வுபெற்ற ஆசிரியர். இந்தத் தொடரை முதல் இதழிலிருந்து படிப்பவர். "தம்பி, தொடரு நல்லாத்தேன் இருக்கு. ஆனா ராஜம் ஐயரு, சுப்பிரமணிய சிவா, ராமையா, செல்லப்பான்னு ஒரே தெருவுக்குள்ளயே சுத்துதே. எங்க தெருவுல நூறு வருசமா ஒருத்தனும் பொறக்கலயா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது. "சார், எழுதி வச்சவங்க பத்தித்தானே எழுத முடியுது" என்று இழுத்தேன். "அப்ப எழுதி வைக்காதவனுக்குச் சரித்திரமே கெடையாதா?" என்றார். கொடைக்கானல் வண்டி வந்துவிட்டது. அவர் ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தபோது நினைவுக்கு வந்தவர், இதே கேள்வியை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒருவர். அவர் வத்தலக்குண்டுக்காரர் இல்லை. ஆனால் ராஜம் ஐயர் மூச்சுவிட்ட அதே சென்னையிலிருந்து, ராஜம் ஐயர் இறந்த அதே 1898இல், சில வாரங்கள் கழித்துக் கொழும்புக்குப் பயணமானார். போகும்போது ஊரும் சாஸ்திரமும் ஒட்டிவைத்த பெயரோடு போனார். வரும்போது பௌத்தராக வந்தார். அயோத்திதாசப் பண்டிதர்.

1845 மே 20இல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். நம் பக்கம் மதுரைவீரன் எப்படியோ, காவிரிக்கரையில் காத்தவராயன் அப்படி. சாதி மீறிக் காதலித்ததற்காகக் கழுவேற்றப்பட்டுத் தெய்வமானவன். அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைத்த வீட்டில் ஓலைச்சுவடிகளும் இருந்தன என்பதை நாம் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும். தாத்தா கந்தப்பன், ஆரிங்டன் என்ற வெள்ளைக்காரத் துரையிடம் பட்லராக இருந்தவர். வீட்டில் இருந்த திருக்குறள் சுவடியை அவர் துரையிடம் கொடுக்க, அது எல்லீஸ் கைக்குப் போனது என்று பேரன் பிற்காலத்தில் எழுதினார். குறளுக்கு உரை எழுதி, வள்ளுவர் உருவம் பொறித்த பொன் நாணயம் வெளியிட்ட அதே எல்லீஸ். தீண்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட ஒருவர் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஒரு சமையற்கட்டு வழியாக அச்சுக்கூடத்தை நோக்கிப் போயிருக்கிறது குறள்.

காத்தவராயன் தமிழ் படித்தது அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர் என்ற ஆசிரியரிடம். அந்த ஆசிரியர் மேல் வைத்த மதிப்பால் அவர் பெயரையே தன் பெயராக ஆக்கிக்கொண்டார் மாணவர். சித்த வைத்தியமும் கற்றார். கைநாடி பார்த்து மருந்து கொடுப்பதுதான் கடைசிவரை அவருக்குச் சோறு போட்ட தொழில். இன்று தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்து மருத்துவமனைக்கு அவர் பெயர் இருப்பது அதனால்தான்.

இளமையின் பெரும்பகுதி நீலகிரியில் கழிந்தது. மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கு இது எளிதில் புரியும். கொடைக்கானலுக்கும் உதகைக்கும் வெள்ளைக்காரர்கள் ஏறியபோது, அவர்களைத் தோளில் சுமந்தவர்களும், அவர்களுக்குச் சமைத்தவர்களும், தோட்டம் வெட்டியவர்களும் பெரும்பாலும் சமவெளியில் நிலமற்றிருந்தவர்கள். கீழே ஆண்டையின் களத்துமேட்டில் கைகட்டி நின்றவருக்கு மலையில் மாதச் சம்பளம் கிடைத்தது. துரை வீட்டில் தீண்டாமை கிடையாது என்று சொல்ல வரவில்லை. சம்பளம் வாங்குகிறவன் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொள்கிறான், அவ்வளவுதான். 1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபை என்ற அமைப்பை அயோத்திதாசர் தொடங்கினார். ஆம், அத்வைதம். தொடக்கத்தில் அவர் வேதாந்தி. எல்லா உயிரும் ஒன்றே என்று சொல்லும் தத்துவத்தை அப்படியே நம்பியவர். ராஜம் ஐயரும் அதே அத்வைதத்தில்தான் கரைந்தார் என்பதைப் போன இரண்டு இதழ்களில் பார்த்தோம்.

அந்த நம்பிக்கை உடைந்த இடம் எது என்று கேட்டால், 1892இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொல்வேன்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1891 டிசம்பர் 1ஆம் தேதி உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அயோத்திதாசர் கூட்டியிருந்தார். பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. சாதிப்பெயரை வசையாகச் சொல்லி அழைப்பதைக் குற்றமாக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், கிராம உத்தியோகங்களில் இடம் வேண்டும், பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விட வேண்டும் என்ற போக்கில் அமைந்தவை அவை. காங்கிரசுக்கும் அனுப்பப்பட்டன. மறுவருடம் சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாக அவரே போனார்.

அங்கே எழுந்து, எங்கள் மக்களை விஷ்ணு கோயிலுக்கும் சிவன் கோயிலுக்கும் உள்ளே விட்டால் என்ன என்று கேட்டார். கூட்டம் கொதித்தது. ஒரு சாஸ்திரியார் எழுந்து, உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்கள் குலத்துக்கு உரியவர்கள் அல்லர் என்று பதில் சொன்னார். அயோத்திதாசர் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசப் படிப்பும், கிராமங்களில் வெறுமனே கிடக்கும் புறம்போக்கு நிலமும் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டார். கோயிலை மறுத்தவர்கள் பள்ளிக்கூடத்துக்கும் நிலத்துக்கும் சம்மதித்தார்கள். செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து பஞ்சமி நிலத்துக்கான அரசாணை பிறந்ததும் அதே 1892இல், செப்டம்பர் மாதம்.

இந்தச் சம்பவத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவர் தன் பத்திரிகையில் நினைவுகூர்ந்து எழுதினார். அதைப் படிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுவது ஓர் இடத்தில். அவமானம் அவரைச் சுட்டிருக்கிறது. ஆனால் அதைவிட ஆழமாக ஒரு கேள்வி தைத்திருக்கிறது. 'எங்களுக்கு' என்றும் 'உங்களுக்கு' என்றும் சாமிகளைப் பிரித்துக் கொடுத்தது யார்? எப்போது? அதற்கு முன்னால் நாங்கள் யாரைக் கும்பிட்டோம்?

அதற்கு அவர் தேடிக்கொண்ட விடைதான் பௌத்தம்.

1898இல் அடையாறு தியசாபிகல் சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டை அயோத்திதாசரும் அவரைச் சேர்ந்தவர்களும் போய்ப் பார்த்தார்கள். ஆல்காட் அமெரிக்கர். 1880இலேயே இலங்கையின் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானவர். 1894 முதல் சென்னையில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திவந்தவர். வந்தவர்கள் அவரிடம், எங்களைப் புது மதத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. நாங்கள் முன்பு பௌத்தர்கள், எங்கள் பழைய மதத்துக்கு நாங்கள் திரும்பிப்போக உதவுங்கள் என்று கேட்டார்கள். ஆல்காட் அயோத்திதாசரையும் பஞ்சமர் பள்ளி ஆசிரியரான கிருஷ்ணசாமியையும் கொழும்புக்கு அழைத்துப்போனார். வித்யோதயப் பிரிவேனாவின் தலைவராக இருந்த ஹிக்கடுவே சுமங்கல மகாதேரர் அவர்களுக்குப் பஞ்சசீலம் கொடுத்தார். ஒரு கிணற்றில் வாளி விட அனுமதி இல்லாதவர்களை, ஒரு நாட்டின் தலைமைத் துறவிகளில் ஒருவர் எதிரே உட்காரவைத்து ஐந்து சீலங்களையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். திரும்பி வந்ததும் ராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கம் தொடங்கப்பட்டது. அநாகரிக தர்மபாலரும் அங்கே வந்து பேசினார்.

சென்னையில் அப்போது பௌத்தம் பேசியவர் இவர் ஒருவர் மட்டும் இல்லை. அறிவியல் பேராசிரியர் லட்சுமி நரசு இருந்தார். பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான சிங்காரவேலர் இருந்தார். லட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பௌத்த நூலை 1948இல் அம்பேத்கர் தன் முன்னுரையோடு மறுபதிப்புச் செய்தார். நரசுவின் பௌத்தம் ஆய்வுக்கூடத்தில் வடிகட்டிய பகுத்தறிவு. அயோத்திதாசருடைய பௌத்தம் வேறு மண்ணில் முளைத்தது. அதற்கு மூலநூல் மணிமேகலையும் நிகண்டுகளும் நீதி நூல்களும் மட்டும் இல்லை. நம் வீட்டு அடுப்படியும் திருவிழாவும் அதற்குச் சான்று.

ஆடி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சளாற்றங்கரை முழுக்க அம்மன் கோயில்களில் கூழ் கொதிக்கும். வேப்பிலை கட்டுவார்கள். இதைப் படித்தவர்கள் 'சிறுதெய்வ வழிபாடு' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவைப்பார்கள். விக்டோரியா மண்டபத்துச் சாஸ்திரியார் சொன்னதும் அதுதானே. அயோத்திதாசர் அங்கேயே திரும்பி நின்றார். அந்த அம்மன் யார்? அவள் அம்பிகை என்னும் பௌத்த பிக்குணி. வேப்பமரத்தடியில் இருந்து, வைசூரி கண்டவர்களுக்கு வேப்பிலையால் வைத்தியம் செய்தவள். ஏழைகளுக்குக் கூழ் வார்ப்பது அவள் நினைவாக நடக்கும் தானம். அவளே ஔவை, ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் வெற்றிவேற்கையும் அவள் அருளிய திரிவாசகம். இப்படிச் சொல்லிக்கொண்டே போகிறார். தீபாவளி நல்லெண்ணெயின் குணத்தைக் கண்டறிந்து தலைமுழுகிய நாள். கார்த்திகை தீபம் ஆமணக்கெண்ணெயை மலையுச்சியில் ஏற்றிப் பார்த்த நாள். போகி என்பது போதிப் பண்டிகை. திருக்குறள் உண்மையில் திரிக்குறள், திரிபிடகத்தின் வழிநூல். இந்தியா என்ற பெயர் இந்திரத்திலிருந்து வந்தது. ஐந்து இந்திரியங்களையும் வென்ற இந்திரர் புத்தரே. ஆகவே இது இந்திரர் தேசம். பிராமணன் என்பதும் ஒழுக்கத்தால் அடையும் நிலையின் பெயர்தான்; அதை அடைந்தவர்கள் யதார்த்த பிராமணர்கள், பெயரை மட்டும் எடுத்துப் பூண்டவர்கள் வேஷ பிராமணர்கள். அந்த வேஷத்தை முதலில் கண்டு எதிர்த்தவர்கள் என்பதால்தான் எங்கள் முன்னோர்கள் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டார்கள்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இவற்றில் பலவற்றை மொழியியல் ஏற்காது. கல்வெட்டுக்காரர்கள் ஏற்கமாட்டார்கள். போகியும் போதியும் ஒலியால் நெருங்கியவை என்பதற்கு மேல் சான்று கேட்டால் கிடைக்காது. நானே முதல் வாசிப்பில் புத்தகத்தை மூடி வைத்தேன். இரண்டாம் முறை எடுத்தது அந்த ஆசிரியரின் கேள்விக்குப் பிறகு.

இப்போது வேறொன்று தெரிகிறது. பழைய கதைகள் எல்லாம் ஒரே மாதிரி முடிந்தன: நீ பிறவியிலேயே தாழ்ந்தவன், அல்லது உன் முன்னோர் செய்த பாவத்தால் தாழ்ந்தவன். அயோத்திதாசர் அந்தக் கதையின் வினைச்சொல்லை மாற்றினார். 'தாழ்ந்தவர்' என்ற சொல்லின் இடத்தில் 'தாழ்த்தப்பட்டவர்' வந்தது. தாழ்த்தப்பட்டது என்றால் தாழ்த்தியவர் ஒருவர் இருக்க வேண்டும், தாழ்த்திய காலம் ஒன்று இருக்க வேண்டும், அதற்கு முன் உயர்ந்திருந்த காலமும் இருக்க வேண்டும். ஓர் இலக்கண மாற்றத்துக்குள் ஒரு வரலாறே வந்து உட்கார்ந்துவிட்டது. கூழ் ஊற்றுகிற கிழவி இழிந்த சடங்கைச் செய்பவளாக இல்லாமல், தடைசெய்யப்பட்ட ஒரு மார்க்கத்தின் கடைசிச் சாட்சியாக மாறிவிடுகிறாள். எழுதி வைக்காதவனுக்குச் சரித்திரம் உண்டா என்றால், உண்டு, உன் அடுப்பைப் பார் என்று சொன்னவர் அவர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1948இல், தீண்டாதார் யார் என்று ஆராய்ந்த அம்பேத்கரும், அவர்கள் பௌத்தத்தை விட மறுத்த சிதறுண்ட மக்கள் என்ற முடிவுக்கே வந்தார். ராயப்பேட்டை வைத்தியர் தமிழில் எழுதியதும் பம்பாய் அறிஞர் ஆங்கிலத்தில் எழுதியதும் ஒரே திசையில் போய் நிற்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

இதையெல்லாம் அவர் எழுதியது, 1907 ஜூன் 19இல் ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய வாரப் பத்திரிகையில். பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயரில் இருந்தது. மறு ஆண்டு 'தமிழன்' ஆயிற்று. நாலு பக்கத்தில் தொடங்கிய இதழில் அரசியல் விமர்சனம், வைத்தியம், கேள்வி பதில், உலகச் செய்தி எல்லாம் இருந்தன. சென்னையைத் தாண்டி, கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களும், பர்மாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கூலிகளாகப் போயிருந்த தமிழர்களும் அதன் வாசகர்கள். அவர்கள் ஊரில்லாத ஊர்களில் சாக்கைய சங்கக் கிளைகள் எழுந்தன. பௌர்ணமியில் கூடினார்கள், கல்யாணத்தையும் கருமாதியையும் பௌத்த முறையில் செய்துகொண்டார்கள். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பௌத்தர் என்றே பதியுங்கள் என்று 'தமிழன்' எழுதியது.

பத்திரிகையின் பெயர் 'தமிழன்' ஆன அதே 1908இல் நம் வத்தலக்குண்டின் இன்னொரு பிள்ளை தூத்துக்குடியில் நெருப்பாகப் பேசிக்கொண்டிருந்தார். சுப்பிரமணிய சிவா. மார்ச் 12இல் வ. உ. சி.யோடு கைதானார், பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை, மேல்முறையீட்டில் ஆறாண்டு ஆயிற்று. ஊரே கண்ணீர்விட்ட அந்த நாள்களில் 'தமிழன்' சுதேசி இயக்கத்தைக் கடுமையாக விமர்சித்தது. சகமனிதனைத் தெருவில் நடக்கவிடாதவர்கள் கேட்கும் சுயராஜ்யம் யாருக்கு என்பதே அதன் வாதம். வெள்ளையர் ஆட்சியை அது ஆதரித்தது. சிவாவைத் தெய்வமாக வைத்துப் பார்க்கும் ஊர்க்காரனாகிய எனக்கு அந்தப் பக்கங்களைப் படிப்பது எளிதாக இல்லை. வலித்தது. ஆனாலும் சிறையில் தொழுநோய் பீடித்து, அதைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று தடுக்கப்பட்டு, கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போன சிவாவை நினைக்கும்போது, அந்த வாதம் வேறு மாதிரிக் கேட்கிறது. ஓர் உடம்பு பக்கத்தில் வரக்கூடாது என்று சட்டம் சொல்வது என்னவென்று சிவாவுக்குக் கடைசிக் காலத்தில் தெரிந்தது. பிறந்த நாளிலிருந்தே அது தெரிந்தவர்களின் பத்திரிகை 'தமிழன்'.

இன்னொன்றையும் இங்கே எழுதாமல் விட்டால் அந்த ஆசிரியர் முகத்தில் நான் விழிக்க முடியாது. ஏனென்றால் அவர் அருந்ததியர். திண்டுக்கல் சீமையில் தோல் பதனிட்டும், தோட்டத்தில் உழைத்தும், ஊர்ச் சாக்கடையில் இறங்கியும் வாழ்ந்தவர்களில் மிகப் பெரிய தொகை அவர்கள். அயோத்திதாசர் 'தாழ்த்தப்பட்டோர்' என்று உயர்த்திப் பேசியபோது தன் மக்களை மனத்தில் வைத்தே பேசினார். அருந்ததியர் போன்ற சில சமூகங்களை, அவர்கள் தொழிலைச் சொல்லி, அந்த வட்டத்துக்கு வெளியே நிறுத்தினார். தம்மோடு அவர்களைச் சேர்த்து 'பஞ்சமர்' என்று எண்ணுவதை ஆட்சேபித்தார். ஒழுக்கத்தால் மட்டுமே உயர்வு என்று பௌத்தம் கற்பித்தவர், இந்த ஓரிடத்தில் பிறப்பின் கோட்டை அழிக்காமல் விட்டார். காலத்தைச் சொல்லி இதை மூடிமறைக்க எனக்கு மனமில்லை. அவர் காலத்தில் அவர் மற்ற எல்லாக் கோடுகளையும் அழித்தவர்தானே.

1914 மே 5இல் அவர் மறைந்தார். 'தமிழன்' சிறிது காலம் தடுமாறி நின்றது. 1926இல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதை மீண்டும் எழுப்பினார். 1930களின் நடுவரை வந்தது. பூமிக்கடியில் தங்கம் வெட்டிய கூலியிலிருந்து ஒதுக்கிய காசில், அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டது. பிறகு நீண்ட மௌனம். பள்ளிப் பாடத்தில் அப்போது அவர் இல்லை. நாங்கள் படித்த தமிழ் இதழியல் வரலாற்றில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஆண்டுகளில் இதழ்களைக் காத்தவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் வைத்திருந்த சாதாரண மனிதர்கள். அன்பு பொன்னோவியம், தி. பெ. கமலநாதன் போன்றவர்கள் சேகரித்து வைத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்ற பெயரில் இரண்டு பெருந்தொகுதிகள் வெளியிட்டது. 2003இல் மூன்றாவது வந்தது. அதன் பிறகுதான் ராஜ் கௌதமன், டி. தருமராஜ், ஸ்டாலின் ராஜாங்கம் போன்றவர்கள் கையில் அவர் மறுபடி பேசத் தொடங்கினார்.

முதல் தொகுதியை ஒரு துணிப்பையில் போட்டு ஆசிரியர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது ஊர் டீக்கடையில் கூரை எரவாணத்தில் செருகியிருக்கும் தனிக் குவளையை எடுத்து, குடித்துவிட்டுக் கழுவி, திரும்ப அங்கேயே செருக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அருந்ததியர் பற்றிய பக்கங்கள் இருப்பதை முன்கூட்டியே சொன்னேன். "இருக்கட்டும். என் அப்பாவைப் பத்தி மத்தவங்க எழுதுனதை விடவா இருக்கப்போகுது. கோவம் வந்தா ஓரத்துல எழுதிவைக்கிறேன்" என்றார். கண்ணாடியை மாட்டினார். பொருளடக்கத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் தேடினார். உள்ளேயிருந்து அவர் மனைவி, ஆடி பதினெட்டுக்குக் கேப்பை அரைக்கக் கொடுக்க வேண்டும் என்று குரல் கொடுத்தார். "இரு, இரு" என்றார் ஆசிரியர். "அந்தக் கூழு நம்முளுது எப்படின்னு மொதல்ல படிச்சுக்கிறேன்."

(தொடரும்)